முத்திரை உடைக்காத பன்னிரண்டு கணினிகள்

எங்கள் ஊர் கம்பெங்காவுக்குக் கணினிகள் வந்த அன்று அவற்றைச் சுமந்து வந்தது நாங்கள்தான். ஆற்றுப்பாலம் பிப்ரவரி மழையில் உடைந்திருந்ததால் லாரி அக்கரையிலேயே நின்றுவிட்டது. அது மே மாதம். தண்ணீர் கணுக்கால் அளவுதான். சைக்கிள் இறங்கும், லாரி இறங்காது. ஆகவே கணினி வாரியத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் கபலமூலா, சந்தை மரத்தடியில் சவாரிக்குக் காத்திருந்த சைக்கிள் டாக்சிக்காரர்களான எங்களைக் கூப்பிட்டனுப்பினார். பெட்டிகள் பன்னிரண்டு, சைக்கிள்களும் பன்னிரண்டு. ஏறி மிதிக்கக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும், பெட்டி குலுங்கினால் பெயர் எழுதப்படும் என்று உத்தரவு. மூன்று கிலோமீட்டர் தள்ளினோம். மயேசோ மட்டும் தன் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தான். வழியில் என்னவென்று கேட்டவர்களிடமெல்லாம், "நான் படிக்கப் போற மிஷின்" என்றான்.

மயேசோவுக்கு அப்போது இருபத்தாறு வயது. மேல்நிலைப் பள்ளியை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, அதற்கு மேல் வழியில்லாமல் எட்டு வருடமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். பின்சீட்டில் ஆளையோ மக்காச்சோள மூட்டையையோ வைத்துக்கொண்டு மேட்டுச் சாலையில் ஏறி ஏறி அவனுடைய வலது முழங்கால் வீங்கி, காலையில் எழுந்ததும் மடக்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு வருடம் இப்படியே மிதித்தால் அப்புறம் கோலூன்றித்தான் நடக்க வேண்டும் என்று சுகாதார நிலையப் பொறுப்பாளர் சிபோன்டா அம்மா அவனிடம் சொல்லிவிட்டார். அவரே இன்னொன்றும் சொன்னார். நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்ற ஓர் எழுத்தரை எடுக்கப் போகிறார்கள். உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும், வாரியத்தின் சான்றிதழ் வேண்டும், தட்டச்சுத் தெரிய வேண்டும். அக்டோபரில் தேர்வு. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை.

மயேசோவின் மனைவி ஃபைனஸ் சந்தையில் மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்பவள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், எட்டு வருடம் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு நாற்காலியில் உட்காரத் தெரியுமா என்று கேட்டாளாம். கிண்டல்தான். ஆனால் மறுநாள் விண்ணப்பப் படிவம் வாங்க வரிசையில் போய் நின்றது அவள்தான்.

வாரியம் என்று நான் சொல்வது தேசிய ஊரக இளைஞர் கணினிப் பயிற்சி விரிவாக்க வாரியத்தை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பழைய புகையிலைக் கிடங்கின் சுவரைவிட அவர்களுடைய பெயர்ப்பலகை நீளமாக இருந்தது. அதனால் பலகைக்காக இரண்டு கம்பங்கள் தனியாக நட்டார்கள். அதற்கே மூன்று வாரம் ஆனது. பெட்டிகளைக் கிடங்கின் உள்ளறையில் அடுக்கி, கதவைப் பூட்டி, பூட்டின்மேல் சிவப்பு அரக்கு முத்திரை வைத்தார் கபலமூலா. தலைமை இயக்குநர் நேரில் வந்து திறந்து வைக்கும்வரை முத்திரையை யாரும் தொடக்கூடாது, விதி பதினான்கு. தலைமை இயக்குநர் எப்போது வருவார் என்பது எந்த விதியிலும் இல்லை.

"அப்ப பயிற்சி எப்ப, பவானா?" என்று மயேசோ கேட்டான். அதிகாரிகளை நாங்கள் பவானா என்றுதான் அழைப்போம்.

"ஒண்ணாந்தேதி. அட்டவணையில இருக்கே."

"கம்ப்யூட்டர் இல்லாமலா?"

"யாரு இல்லேன்னா? அதோ உள்ளதானே இருக்கு" என்றார் கபலமூலா.

ஜூன் ஒன்றாம் தேதி முப்பது பேர் முன்னறையில் உட்கார்ந்தோம். பயிற்றுநர் லமேக் மெல்லிய குரல் உள்ள நல்ல மனிதர். கரும்பலகையில் விசைப்பலகையை அழகாக வரைந்தார். எழுத்துகளின் வரிசையைப் பார்த்து, ஏன் சார் இப்படித் தாறுமாறாக இருக்கிறது என்று கேட்டோம். அது வெள்ளைக்காரன் செய்தது, நாம் தலையிட முடியாது என்றார். எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று மனப்பாடம் செய்தோம். பிறகு மேஜையின் வெறும் பலகையில் தட்டினோம். முப்பது பேரும் சேர்ந்து தட்டும்போது தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இருக்கும். லமேக் இடையில் நடந்தபடி பிழை திருத்துவார். மயேசோ அடித்த வாக்கியத்தில் இரண்டு பிழை என்று ஒருநாள் சொன்னார். மேஜையில் ஒன்றும் இல்லையே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இவன் கேட்டான்.

"உன் சுண்டுவிரல் சுணங்குச்சு" என்றார் லமேக்.

மயேசோவுக்கு அன்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இடைவேளையில் அவரைத் தனியாகப் பிடித்தான். "சார், நீங்க தொட்டிருக்கீங்களா?"

லமேக் சுற்றிலும் பார்த்துவிட்டு, தனக்குப் பயிற்சி நடந்த ஊரிலும் திறப்பு விழா நடக்கவில்லை என்றார். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாராம்.

இரண்டாம் மாதம் மவுஸ் பாடம். ஆளுக்கு அரைக்கட்டி பச்சைத் துணிசோப்பு கொடுத்தார்கள். மேஜையில் வைத்து நகர்த்த வேண்டும், ஆள்காட்டி விரலால் ஒருமுறை தட்ட வேண்டும், இருமுறை தட்ட வேண்டும். வழுக்கிக்கொண்டு நன்றாகத்தான் போனது. பயிற்சிக்காக வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்றார்கள். மயேசோ கொண்டுபோனான். அடுத்த நாள் வெறும் கையோடு வந்தான். ஃபைனஸ் அதைப் போட்டுக் குழந்தையின் துணிகளையும் அவனுடைய சட்டையையும் துவைத்துவிட்டாள்.

லமேக் நேர்மையானவர். பதிவேட்டில், 'மவுஸ் ஒன்று, தண்ணீரால் சேதம்' என்று எழுதினார். பதிவேட்டின் நகல் தலைமையகத்துக்குப் போனது. பத்தாம் நாள் ஒரு ஜீப் ஆற்றில் இறங்கி வந்தது. அதில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு, ஒரு குளிர்பானப் பெட்டி, மடக்கு நாற்காலிகள். இரண்டு நாள் விசாரணை நடந்தது. முதல் நாள் முழுக்க ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். இரண்டாம் நாள் ஃபைனஸை அழைத்தார்கள். மண்டாசிக் கூடையோடு வந்து நின்றாள்.

"துவைக்கும்போது அது மவுஸ்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"நுரை நல்லா வந்துச்சு, பவானா. இன்னொண்ணு குடுத்தா போர்வையும் துவைச்சிடுவேன்."

குழு இதை எழுதிக்கொண்டது. நாற்பத்தாறு பக்க அறிக்கை வந்தது. பயனாளிகளிடையே கருவிப் பராமரிப்பு குறித்த விழிப்புணர்வு போதாது என்றும், இரண்டு வாரச் சிறப்புப் பயிற்சி தேவை என்றும் பரிந்துரைத்திருந்தார்கள். அந்த இரண்டு வாரமும் மவுஸைத் தண்ணீரிலிருந்து காப்பது எப்படி என்று படித்தோம். புது சோப்புகளில் எண் பொறித்திருந்தது. மாலையில் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

மயேசோ தினமும் காலையில் பயிற்சிக்கு வந்துவிட்டு, மதியத்துக்குமேல்தான் சவாரிக்குப் போனான். பாதிச் சவாரி, பாதி வருமானம். மதியச் சாப்பாட்டுக்கு என்சிமா களி மட்டும், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. முட்டி மட்டும் முழுசாக வலித்தது. மேட்டில் ஏறும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தள்ளத் தொடங்கினான். ஒரு கிழவர், சைக்கிளுக்கும் கூலி கொடுத்து நடந்தும் வர வேண்டுமா என்று திட்டிவிட்டுப் போனார். அதை எங்களிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கருத்துப் படிவம் வந்தது. கணினியைக் கையாளுவதில் உங்கள் தன்னம்பிக்கை எவ்வளவு? ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிடுக. மதிப்பெண் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள் என்று லமேக் கவலையோடு சொன்னார். இருபத்தொன்பது பேர் ஐந்தை வட்டமிட்டோம். நானும்தான். மயேசோ எதையும் வட்டமிடாமல், பக்கத்தில் தானாக ஒரு பூஜ்யம் எழுதி, அதற்கு வட்டம் போட்டான்.

இதற்காகவே கபலமூலா போமாவிலிருந்து வந்தார். போமா என்பது எங்கள் மாவட்டத் தலைநகர், முப்பது கிலோமீட்டர். மயேசோவை எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். நாங்கள் கதவோரம் நின்று கேட்டோம்.

"தம்பி, கம்ப்யூட்டர்ங்கிறது மிஷின் இல்ல. அது ஒரு மனநிலை. மிஷினைத் தொட்டுட்டா அந்த மனநிலை போயிடும். நான் இந்த வாரியத்துல பதினோரு வருஷமா இருக்கேன். என் மேஜையிலயே ஒண்ணு இருக்கு. ஒருநாளாவது தொட்டிருப்பேனா? பூப்போட்ட துணி போட்டு மூடி வச்சிருக்கேன். தூசி படாம புதுசு மாதிரி இருக்கு. உனக்கு மட்டும் என்ன அவசரம்?"

"அக்டோபர்ல எனக்குத் தேர்வு, பவானா. எழுத்தர் வேலை."

"வேலைக்குத்தான் சான்றிதழ் குடுக்கறோமே. சான்றிதழ் இருக்கறவன் எதுக்குக் கத்துக்கணும்?"

உண்மையிலேயே புரியாமல்தான் அவர் கேட்டார். மயேசோ எழுந்து வந்துவிட்டான்.

செப்டம்பர் இருபதாம் தேதி தலைமை இயக்குநர் வந்தார். அவருக்காகப் பாலத்தில் பலகை போட்டார்கள். அவருடைய கார் கடந்ததும் பலகையை எடுத்து, திரும்பும்போது மறுபடி போட்டு எடுத்தார்கள். பந்தல் போட்டிருந்தது, பெண்கள் ஆடினார்கள், மாவட்ட அதிகாரிகள் நான்கு மணி நேரம் ஒருவரையொருவர் வரவேற்றார்கள். முத்திரை உடைக்கப்பட்டது. பெட்டிகளிலிருந்து கணினிகளை எடுத்து மேஜைகளில் வைத்து, வாடகை ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். திரைகள் ஒவ்வொன்றாக வெளிச்சமானபோது நாங்கள் முப்பது பேரும் மூச்சுவிடவில்லை.

தலைமை இயக்குநர் பேசினார். "மூன்று ஆண்டுகளில் ஒன்பது மையங்களைத் திறந்திருக்கிறேன். மற்ற நாடுகளாக இருந்தால் ஒன்பது மையங்களுக்கு நூற்றெட்டுக் கணினிகளை வாங்கி விரயம் செய்திருப்பார்கள். நாம் வெறும் பன்னிரண்டே கணினிகளைக் கொண்டு ஒன்பது மையங்களைத் திறந்திருக்கிறோம். இந்தப் பன்னிரண்டும் இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன. இதைத்தான் நான் விரிவாக்கம் என்கிறேன்."

பலத்த கைதட்டல். நாங்களும் தட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மெல்ல மெல்ல விஷயம் உறைத்தது.

பிறகு புகைப்படம். கணினி முன்னால் ஓர் இளைஞன் உட்கார வேண்டும், தலைமை இயக்குநர் அவன் தோளில் கை வைப்பார். மயேசோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுடைய சட்டைதான் சலவையாக இருந்தது, நுரை நன்றாக வந்த சட்டை. விரல்களை விசைகளுக்குமேல் வைத்துக்கொள், அழுத்தாதே என்றார் புகைப்படக்காரர். அவன் வைத்துக்கொண்டான். நான்கு மாதம் மேஜையைத் தட்டிய விரல்கள். ஒன்று அழுத்திவிட்டது. திரையில் ஓர் எம் எழுத்து வந்து நின்றது. அவன் பெயரின் முதல் எழுத்து. அதைப் பார்த்து அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு விழுந்த படம்தான் பிறகு வாரியத்தின் ஆண்டறிக்கை அட்டையில் வந்தது. ஆனால் அந்த நேரத்தில், அழுத்தாதே என்று சொன்னேனே என்று புகைப்படக்காரர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

மாலைக்குள் கணினிகளைத் திரும்பப் பெட்டிகளில் வைத்தார்கள். பத்தாவது மையமான சிலிங்காவுக்கு அவை போக வேண்டும். பாலப் பலகையை எடுத்துவிட்டதால் மறுபடி எங்களைத்தான் கூப்பிட்டார்கள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போன மயேசோ இந்த முறை சட்டையைக் கழற்றவில்லை. அவன் கால்சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சான்றிதழில், கணினி இயக்கத்தில் முதல் தரம் என்று எழுதியிருந்தது. முப்பது பேருக்கும் முதல் தரம்.

அக்டோபரில் தேர்வுக்குப் போனான். சிபோன்டா அம்மா ஒரு பக்கம் கொடுத்து அடிக்கச் சொன்னார். நோயாளிகளின் பெயர்களும் நோய்களும். விரல்கள் தடுமாறவேயில்லை, பக்கத்தில் இருந்தவர்களைவிட வேகமாக அடித்தான். ஆனால் முடித்துவிட்டுப் பார்த்தால் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை எல்லாம் ஒரே சரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. யாருக்கு மலேரியா, யாருக்குப் பல்வலி என்று கடவுளுக்கே தெரியாது. சொற்களுக்கு நடுவே இடம் விடுவதற்கென்று கீழே நீளமாக ஒரு விசை இருக்கிறதாம். எங்கள் கரும்பலகையின் அந்தப் பகுதியில் காரை பெயர்ந்திருந்ததால் லமேக் அதை வரையவில்லை. போமாவில் நகல் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அந்த வேலை போனது. அவள் நன்றாகவே அடித்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தவன் முழங்காலில் வெந்நீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஃபைனஸ் அன்று கிண்டல் செய்யவில்லை. மறுநாள் காலை, முப்பது கிலோமீட்டர் மிதித்து, போமாவில் இருக்கும் வாரிய அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனான். கையால் எழுதிய புகாரை வாங்க முடியாது, தட்டச்சு செய்து கொண்டுவா, இது கணினி வாரியம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லிம்பிகானி அம்மாவின் தட்டச்சுக் கடை இருக்கிறது. கணினி இரண்டு, அச்சு இயந்திரம் ஒன்று. புகாரை அடித்துத் தரக் கேட்டான். அவர் பள்ளிக்கூட வினாத்தாள் வேலையில் மூழ்கியிருந்தார். புகாரைப் படித்துப் பார்த்துவிட்டு, முதல் தரம் வாங்கினவன்தானே, அந்த மிஷின் சும்மாத்தான் இருக்கிறது, நீயே அடி என்றார். எழுத்துகளின் இடம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். மற்றதெல்லாம் கடைத் திண்ணையிலேயே தங்கிக் கேட்டுக் கேட்டுக் கற்றான். திறப்பது, மூடுவது, சேமிப்பது, அழிப்பது. பகலில் கடைக்கு வரும் காகிதக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றி இறக்கிக் கொடுத்தான். பதிலுக்கு மிஷின் காலியாக இருக்கும்போதெல்லாம் உட்கார்ந்தான். தேவாலய அறிவிப்புகளையும் வினாத்தாள்களையும் அவனிடமே கொடுக்கத் தொடங்கினார் அந்த அம்மா. நான்கு மாதத்தில் வராதது பதினோரு நாளில் வந்துவிட்டது. பதினோராம் நாள் தன் புகாரைத் தானே அடித்து எடுத்துக்கொண்டு போனான். கணினிப் பயிற்சி என்ற பெயரில் எங்களைக் கணினியைத் தொடவே விடவில்லை என்று இரண்டு பக்கம்.

கபலமூலா அதைக் கையில் வாங்கினார். படிக்கவில்லை, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நீயே அடிச்சியா?"

"ஆமா, பவானா."

"ஓரமெல்லாம் எவ்வளவு நேரா இருக்கு பாரு. இதுதான்யா எங்க பயிற்சியோட வெற்றி."

புகாரை வெற்றிக் கதைகள் என்ற கோப்பில் சேர்த்துவிட்டார். பயிற்சி பெற்றவரே பயிற்றுநராகும் திட்டத்தில் அந்த ஆண்டு இலக்கு ஒன்று, சாதித்தது பூஜ்யம். லமேக் பதவி உயர்வில் தலைமையகம் போயிருந்தார். ஒரு வாரத்தில் மயேசோவுக்குச் சிலிங்கா மையத்தின் பயிற்றுநராக நியமன ஆணை வந்தது.

"உன்னை ஏமாத்தினவங்ககிட்டயே வேலைக்குப் போறியா?" என்று ஃபைனஸ் கேட்டாள்.

"நானா போறேன்? முட்டி போகச் சொல்லுது" என்றான்.

சிலிங்காவில் அவனுக்காக அதே மாதிரிக் கரும்பலகை, அதே இடத்தில் பெயர்ந்த காரை, அதே சோப்புகள், உள்ளறையில் அதே பன்னிரண்டு பெட்டிகள், பூட்டின்மேல் புது அரக்கு. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் செலிஃபா என்ற பெண். பதினெட்டு வயது, இரண்டு மணி நேரம் நடந்து வருகிறவள். இரண்டு நாள் விதிப்படியே நடத்தினான். இடம் விடும் விசையை மட்டும் காரையைப் பூசிவிட்டு வரைந்தான். மூன்றாம் நாள் எல்லோரும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தபோது செலிஃபா நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சார், நான் இப்ப என்ன எழுதினேன்?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் வெறும் பலகையைப் பார்த்தான். உன் சுண்டுவிரல் சுணங்கியது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எழுந்து போய், மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டும் இரும்பு நெம்புகோலால் அரக்கைப் பெயர்த்தான். பூட்டையும் சேர்த்துத்தான். பெட்டிகளைத் தானே தூக்கி முன்னறைக்குக் கொண்டுவந்ததாக எங்களிடம் பிறகு சொன்னான்.

பக்கத்துத் தொடக்கப்பள்ளிக் கூரையில் சூரியத் தகடு இருந்தது. எல்லாம் மடிக்கணினிகள்தான் என்பதால், தலைமையாசிரியரிடம் கேட்டு இரண்டிரண்டாக மின்னேற்றிக்கொண்டான். ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். விரல் பட்டுத் திரையில் எழுத்து வந்தபோது அந்த அறையில் எழுந்த சத்தத்தை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்களாம். முதலில் எல்லோரும் அடித்தது தங்கள் பெயரை. அப்புறம் அடுத்தவர் பெயரை. அப்புறம் கடிதங்கள், விண்ணப்பங்கள், விதை கேட்டு வேளாண் அலுவலகத்துக்கு ஒரு மனு. பன்னிரண்டு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் கபலமூலா திறப்பு விழா மேடைக்கு அளவெடுக்க வந்தார்.

விசாரணைக் குழு இந்த முறை நான்கே நாளில் வந்துவிட்டது. சோப்பைவிடப் பெரிய குற்றம். கணினி ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

"விசைகள்மேல விரல் ரேகை இருக்கு" என்றார் குழுத் தலைவர். "தலைமை இயக்குநர் வந்து புதுக் கணினியைத் திறந்து வைக்கணும். விரல் பட்டதை எப்படித் திறந்து வைப்பார்? அவருக்குன்னு ஒரு மரியாதை இருக்கு இல்லையா?"

ஏன் உடைத்தாய் என்று கேட்டார்கள். பயிற்சி கொடுக்க என்றான் மயேசோ. வேறு உள்நோக்கம் உண்டா என்றார்கள். இல்லை என்றான். அப்படியானால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார்கள். பயிற்சிக் கருவிகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது என்பதுதான் குற்றச்சாட்டு. ஒப்புக்கொண்டான்.

நீக்க ஆணையை விசாரணை முடிந்த அன்றே, அந்த இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. தட்டச்சு செய்த ஆணைதான் செல்லும் என்பது இன்னொரு விதி. அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். தட்டச்சரைத்தான் கொண்டுவரவில்லை, ஜீப்பில் அவருடைய இடத்தில் குளிர்பானப் பெட்டி இருந்தது. குழுவினர் மூவரும் கபலமூலாவைப் பார்த்தார்கள். கபலமூலா கணினியைப் பார்த்தார். கடைசியில் நால்வரும் ஜன்னலோரம் கூடி நின்ற மாணவர்களைப் பார்த்தார்கள்.

செலிஃபா வந்து உட்கார்ந்தாள். குழுத் தலைவர் சொல்லச் சொல்ல அடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அடித்தாள், ஆனால் நிற்காமல் அடித்தாள். கபலமூலா அவளுக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"நல்லா அடிக்கறியே, பொண்ணு. எங்க கத்துக்கிட்ட?"

"இவர்கிட்டதான். பன்னிரண்டு நாள்ல" என்றாள் செலிஃபா, அடித்துக்கொண்டே.

குழுத் தலைவர் திடுக்கிட்டார். "அதை அடிக்காதே."

"அடிச்சாச்சு, பவானா. நீங்க பேசறதையெல்லாம் அடிக்கச் சொன்னீங்களே."

"அழிச்சிடு."

"அழிக்கறதை நாளைக்குத்தான் சொல்லித் தரேன்னு சார் சொல்லியிருந்தார்."

அழிக்கும் விசையை மயேசோ முதல் நாளே, தப்பு செய்ய யாரும் பயப்படக் கூடாது என்று, எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிக்கொடுத்திருந்தான். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரிகள் நால்வரும் விசைப்பலகையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள். எதையாவது தொட்டு எல்லாமே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவர் பயந்தார். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டுமென்று ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஆணையை அப்படியே அச்செடுத்து மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெட்டிகள் மறுபடி பூட்டப்பட்டன. விரல் ரேகைகளைத் துடைக்கத் தலைமையகத்திலிருந்து ஆள் வந்தான். சிலிங்காவின் முப்பது பேரும் சோப்புக்குத் திரும்பினார்கள். பத்தாவது திறப்பு விழா பிப்ரவரியில் நடந்தது. நடந்த அன்றே பெட்டிகள் பதினொன்றாவது ஊருக்குப் போய்விட்டன. செலிஃபா விழாவுக்கு வரவில்லையாம்.

மயேசோ சிலிங்காவிலிருந்து நேராக லிம்பிகானி அம்மா கடைக்குப் போய் வேலை கேட்டான். வாரியத்தில் வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் எதுவும் இருக்கிறதா என்று கேட்டதற்கு நீக்க ஆணையை நீட்டினான். அந்த அம்மா நின்றபடியே முழுக்கப் படித்தார். மேற்படி நபர் வாரியத்தின் கணினிகளை வாரியத்தின் மாணவர்களுக்குக் கற்பித்த குற்றத்துக்காக உடனடியாக நீக்கப்படுகிறார், நல்லா அடிக்கறியே பொண்ணு எங்க கத்துக்கிட்ட, இவர்கிட்டதான் பன்னிரண்டு நாள்ல, அதை அடிக்காதே. கீழே மூன்று அதிகாரிகளின் கையெழுத்தும் வாரியத்தின் வட்ட முத்திரையும்.

மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.